"இது நின்றுபோனால் நான் செத்துப் போவேனா?" இனப்பெருக்க மண்டலம் பற்றி மகள் கேட்ட கேள்வி

மழைத்துளி

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு வயது மகள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

பள்ளியில் உறுப்பு மண்டலங்கள் பாடம் முடிந்திருக்கிறது. தேர்வுக்காக அவளாகவே ஓர் அட்டவணை போட்டாள். இடது பக்கம் மண்டலத்தின் பெயர், வலது பக்கம் "இது நின்றுபோனால்?" என்று தலைப்பு. இரத்த ஓட்டம் நின்றால் சில நிமிடம். சுவாசம் நின்றாலும் அப்படித்தான். இரண்டு சிறுநீரகமும் நின்றால் சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம். வயிற்றுக்குச் சாப்பாடே போகாவிட்டால் சில வாரம். விறுவிறுவென்று எழுதிக்கொண்டு வந்தவள் இனப்பெருக்க மண்டலத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, இது நின்னுபோனா நான் செத்துப் போயிடுவேனா?"

இல்லை என்றேன்.

"அப்போ இது யாருக்காக வேலை செய்யுது?"

எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. வகுப்பில் கேட்டாயா என்றால், அந்தப் பாடத்தை மட்டும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிவிட்டார்களாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு கூச்சம் இருந்தது. இது ஏதோ பேசக்கூடாத பாடம் என்று அவள் மனதில் பதிந்துவிடக் கூடாது. நானும் பத்தாவதோடு அறிவியலை விட்டவள். எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

முப்பது வருடம் உயிரியல் நடத்தியிருக்கிறேன் அம்மா. இப்படி ஓர் அட்டவணையை எந்தப் பிள்ளையும் போட்டுப் பார்த்ததில்லை. முதலில் அதைப் பாராட்டிவிடுங்கள்.

அவள் கண்டுபிடித்தது உண்மை. மற்ற மண்டலங்கள் எல்லாம் ஓர் உடம்புக்குள்ளேயே முழுமையானவை. அவள் இதயம் வேலை செய்ய இன்னொருவரின் இதயம் தேவையில்லை. இனப்பெருக்க மண்டலம் மட்டும் மனித உடம்பில் பாதியாகத்தான் இருக்கிறது. மறுபாதி வேறோர் உடம்பில் இருக்கிறது.

அந்தப் பாதி வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, எண்ணிப் பார்க்கலாம். நம் உடல் செல்கள் ஒவ்வொன்றிலும் மரபுச் செய்தியைச் சுமக்கும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. (முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, அதை விட்டுவிடுவோம்.) ஒரு செல் இரண்டாகும்போது பொதுவாக 46-ம் நகலெடுக்கப்பட்டு 46, 46 என்று போகும். காயம் ஆறுவதும் உயரம் கூடுவதும் இந்தப் பிரிவால்தான். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது மட்டும் குன்றல் பிரிவு. ஜோடியில் ஒன்று மட்டும் போகும். 23. இரண்டும் சேர்ந்தால் மறுபடி 46. இப்படிப் பாதியாக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு 92, அதற்கடுத்து 184 என்று ஏறிக்கொண்டே போகும்.

இந்த 46-ஐச் சரியாக எண்ணவே மனிதனுக்கு 1956 வரை ஆனது. அதற்கு முன்னால் பல வருடம் 48 என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செல்களைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்து எண்ணினார்கள். வகுப்பில் இதை நான் தவறாமல் சொல்வேன். பெரியவர்களும் தப்பாக எண்ணியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்பார்கள்.

ஒரே ஒரு திருத்தம். "நின்றுபோனால் ஒன்றும் ஆகாது" என்று வலது பக்கத்தில் எழுத விடாதீர்கள். சினைப்பையும் விந்தகமும் செல்களை மட்டும் தயாரிப்பதில்லை, ஹார்மோனும் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிவது அது குறைவதால்தான். பருவ வயதில் உயரம் சட்டென்று கூடி, அப்புறம் வளர்ச்சி நிற்கிறதே, எலும்பின் வளர்தட்டுகளை மூடச் சொல்லும் கட்டளையும் ஈஸ்ட்ரோஜனுடையதுதான், ஆண் உடம்பிலும். டெஸ்டோஸ்டிரோன் தசைக்கும் சிவப்பணு உற்பத்திக்கும் துணை. ஆகவே இந்த மண்டலம் அவளுக்காகவும் வேலை செய்கிறது.

தோட்டக்காரன்

பாடம் தொடங்க மனித உடம்பை விடச் செடி நல்லது அக்கா. கூச்சம் இருக்காது, கையிலும் பிடித்துப் பார்க்கலாம்.

மட்டை உரிக்காத ஒரு மக்காச்சோளக் கதிர் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் முடி மாதிரி இழைகள் கொத்தாகத் தொங்கும். தூக்கி எறிவதற்கு முன்னால் மட்டையை மெதுவாக விலக்கி, ஏதாவது ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று விரலாலேயே தொடரச் சொல்லுங்கள். வரிசைக்கு நடுவே புகுந்து போய் ஒரே ஒரு மணியில் முடியும். ஓர் இழைக்கு ஒரு மணி. இழை என்பது அந்த மணியின் சூல்தண்டும் சூல்முடியும், அதாவது மகரந்தத்தை வாங்கும் பகுதி.

செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்திலிருந்து மகரந்தத் தூள் காற்றில் விழுகிறது. இழையில் ஒட்டிய தூள் ஒரு குழாயை வளர்க்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தூள், ஒரு சாண் நீளத்துக்கும் குழாயை இறக்கி, ஒரு நாளுக்குள் மணியாகப் போகும் சூலைத் தொட்டுவிடுகிறது. எனக்கு இருபது வருடமாக இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

கதிரில் அங்கங்கே மணியில்லாமல் பொக்கையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அந்த மணியின் இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் மகள் கேட்டதற்குப் பதில் அந்தப் பொக்கையில் இருக்கிறது. அந்த இடத்தில் மணி இல்லாததால் செடி செத்துப்போகவில்லை. அடுத்த வருடம் முளைக்க வேண்டிய ஒரு செடிதான் இல்லாமல் போனது.

பழைய வாத்தியார்

தோட்டக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் வழியே ஒன்றல்ல, இரண்டு ஆண் செல்கள் போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது நடுவில் இருக்கும் உட்கருக்களோடு சேர்ந்து அந்தக் கருவுக்கான உணவாகிறது. இரட்டைக் கருவுறுதல் என்று பெயர், 1898-ல் செர்கேய் நவாஷின் கண்டுபிடித்தது. மணியில் மாவாக இருக்கும் பகுதி முழுக்க அந்த இரண்டாவது சேர்க்கையால் வந்தது. பிள்ளை உருவாகும் அதே நேரத்தில் அதற்கான கட்டுச்சோறும் தயாராகிவிடுகிறது.

பத்தாவது பையன்

சார், ஒரு சந்தேகம். குளத்தில் வாழும் ஹைட்ராவும் பாக்டீரியாவும் தனியாகவே பெருகுதே. ரணகள்ளி இலையை மண்ணில் போட்டால் ஓரத்தில் குட்டிக் குட்டியாகச் செடி வருது. ஜோடி தேட வேண்டாம், மகரந்தம் வேண்டாம். அதுதானே சுலபம்? பிறகு ஏன் இத்தனை உயிர்கள் கஷ்டமான வழியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன?

பழைய வாத்தியார்

தம்பி, நீ கேட்டது உயிரியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. தெரிந்தவரை சொல்கிறேன்.

பாலிலா இனப்பெருக்கம் சுலபம்தான். வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகின்றன. ஹைட்ராவை வெட்டினால் துண்டுகள் தனித்தனி ஹைட்ராவாகும். 1740-களில் ஆபிரகாம் டிரெம்பிளி இதைக் கண்டபோது ஐரோப்பாவே அசந்துபோனது. அவர் பேராசிரியர் அல்ல, ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். குளத்துத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஆனால் இப்படிப் பிறக்கும் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது இதற்குச் சாட்சி. விதையிலிருந்து வளர்க்காமல் கிழங்கை வெட்டி நட்டே பரப்பிய பயிர் அது. வயலுக்கு வயல் கிட்டத்தட்ட ஒரே செடி. ஒரு பூஞ்சணம் மாதிரியான கிருமி வந்தது, தடுத்து நிற்க ஒரு செடியும் இல்லை. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பஞ்சத்துக்கு ஆட்சி நடந்த விதமும் ஒரு காரணம், அது வேறு கதை.

இரண்டு பெற்றோர் சேரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. 23 ஜோடியில் எதில் எது போகும் என்று மட்டும் கணக்குப் போட்டாலே ஒருவரிடமிருந்து 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வகை விந்தணுவோ கருமுட்டையோ வரலாம். அதனால்தான் உன் அண்ணன் தம்பியே உன்னைப் போல் இருப்பதில்லை. எந்த நோய் வந்தாலும் யாராவது சிலர் தாக்குப்பிடிப்பார்கள்.

இரண்டு வழியையும் வைத்துக்கொண்டிருக்கும் உயிர்களும் உண்டு. அசுவினிப் பூச்சி வெயில் காலம் முழுக்க ஆணே இல்லாமல் பெண்களாகப் பெற்றுத் தள்ளும். குளிர் நெருங்கும்போதுதான் ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையிடும். 1740-ல் சார்லஸ் பானே ஓர் அசுவினியைப் பிறந்தது முதல் தனியாக அடைத்துவைத்து, அது தானாகவே குட்டி போடுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார்.

நிழல்மரம்

மழைத்துளி, குழந்தைக்கு எளிமையாக இப்படிச் சொல்லுங்களேன்: அம்மாவின் ரத்தம்தான் தொப்புள்கொடி வழியாகக் குழந்தை உடம்பில் ஓடுகிறது, அதனால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த பந்தம். பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

இரவுப்பணி

நிழல்மரம் அண்ணா, அன்போடு ஒரு திருத்தம். நான் பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலி. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் தனித்தனியாக ஓடுகின்றன. தாய்க்கு ஒரு ரத்த வகையும் பிள்ளைக்கு வேறு வகையும் இருக்க முடிவதே அதனால்தான். நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. தாயின் ரத்தம் ஒரு பக்கம், பிள்ளையின் ரத்தம் மறுபக்கம், இடையில் மெல்லிய சவ்வு. அதைத் தாண்டி ஆக்ஸிஜனும் சத்தும் போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. பிள்ளையின் ஹீமோகுளோபின் தாயினுடையதை விட இறுக்கமாக ஆக்ஸிஜனைப் பிடிக்கும். அதனால்தான் சவ்வுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ள முடிகிறது.

மழைத்துளி அக்கா, உங்கள் மகள் அட்டவணையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. பிரசவம் முடிந்து குழந்தையைத் துடைத்துத் தாயின் மேல் போட்டுவிட்டு நாங்கள் செய்யும் வேலை ஒன்று யாருக்கும் தெரியாது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதை ஒரு தட்டில் விரித்துப் பார்ப்போம். சுமார் அரை கிலோ இருக்கும், ஒரு சாண் அகலம். தாயின் பக்கம் கருஞ்சிவப்பாக, பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும். எல்லாப் பாத்தியும் இருக்கிறதா என்று கையால் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காது. திருப்பினால் பிள்ளையின் பக்கம். பளபளவென்று, மேலே ரத்தக் குழாய்கள் தொப்புள்கொடியிலிருந்து கிளை பிரிந்து ஓடும், மரத்தின் வேரை மேலிருந்து பார்த்த மாதிரி. அப்புறம் வெட்டிய தொப்புள்கொடியின் முனையைத் துடைத்துவிட்டுக் குழாய்களை எண்ணுவோம். இரண்டு தமனி, ஒரு சிரை, மொத்தம் மூன்று. சில குழந்தைகளுக்கு இரண்டுதான் இருக்கும், அப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அரை கிலோ உறுப்பு எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று உங்கள் மகளைக் கேளுங்கள். பிள்ளைக்கு அது நுரையீரல். அதுவே குடல், அதுவே சிறுநீரகம். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரப்பதால் நாளமில்லாச் சுரப்பியும்கூட. அட்டவணையில் அதை எந்த வரிசையில் எழுதுவாள்?

மழைத்துளி

படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "அப்போ எல்லாக் கோட்டையும் அழிக்கணும்" என்றாள்.

இரவுப்பணி

அழிக்க வேண்டாம், அம்புக்குறி போடச் சொல்லுங்கள் அக்கா. கர்ப்பத்தில் சும்மா இருக்கும் மண்டலம் ஒன்றுகூடக் கிடையாது.

தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இதயம் அதையும் சேர்த்து இறைக்கிறது. சிறுநீரகம் வழக்கத்தை விடப் பாதி மடங்கு அதிகம் வடிகட்டுகிறது. மூச்சு ஆழமாகிறது. பிள்ளையின் எலும்புக்கு மொத்தம் சுமார் 30 கிராம் கால்சியம் வேண்டும், அதற்காகக் குடல் உணவிலிருந்து ஏறத்தாழ இரட்டிப்பாகக் கால்சியத்தை உறிஞ்சப் பழகுகிறது. குடலின் அசைவு மெதுவாவதால்தான் நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும். இடுப்பின் தசைநார்கள் தளர்கின்றன. சாதாரணமாக அறுபது எழுபது கிராம் இருக்கும் கருப்பை ஒரு கிலோ வரை வளர்ந்து, ஆறு வாரத்தில் பழையபடி சுருங்கிவிடும். தலைக்குள் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரியும் பெருக்கிறது, தாய்ப்பாலுக்கான ஹார்மோனைச் சுரக்க வேண்டுமே.

பிரசவம் ஆகும்போது பாருங்கள். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது. நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. பிட்யூட்டரி ஆக்ஸிடோசினை விடுகிறது. அது ரத்தத்தில் வந்து கருப்பைத் தசையைச் சுருக்குகிறது. தலை இன்னும் அழுத்துகிறது, இன்னும் ஆக்ஸிடோசின். நம் உடம்பில் பெரும்பாலான ஏற்பாடுகள் "போதும், நிறுத்து" என்று கட்டுப்படுத்துபவை. இது குழந்தை வெளியே வரும்வரை "இன்னும், இன்னும்" என்று போவது. ஒரு வலிக்குள் நரம்பு, சுரப்பி, ரத்தம், தசை நான்கும் இருக்கின்றன.

குழந்தையின் பக்கமும் சொல்லிவிடுகிறேன். கருவில் நுரையீரல் நிறையத் திரவம். அதற்குள் ரத்தம் போய்ப் பயனில்லை. அதனால் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு, நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய், இந்த இரண்டும் ரத்தத்தை நுரையீரலைச் சுற்றிக்கொண்டு அனுப்பிவிடும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, ரத்தம் உள்ளே பாய்கிறது, இடப்பக்க அழுத்தம் கூடி அந்தத் திறப்பின் மடல் கதவு மாதிரி மூடிக்கொள்கிறது. குறுக்குக் குழாய் ஓரிரு நாளில் சுருங்கும். நீலம் பாரித்த உடம்பு நெஞ்சிலிருந்து தொடங்கி ரோஜா நிறமாக மாறுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கையும் காலும் கடைசியில்தான் மாறும். இன்றைக்கும் அந்த அழுகை கேட்கும்வரை என் மூச்சும் நின்றுதான் இருக்கிறது.

நிழல்மரம்

திருத்தியதற்கு நன்றி தங்கை. இத்தனை வருடம் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி மகள்

நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள். இதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

நாங்கள் நான்கு பெண்கள். நான்காவதாக நான் பிறந்தபோது என் அம்மாவை உறவுக்காரர்கள் பேசிய பேச்சை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. "இவ வயித்துல ஆண் தங்காது" என்பார்கள். அம்மாவும் அதை நம்பினார். தன் மேல்தான் குறை என்றே நினைத்திருந்தார். கல்லூரியில் எக்ஸ், ஒய் குரோமோசோம் பாடம் படித்த அன்று நான் வீட்டுக்கு வந்து அழுதேன். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தணுவில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எது சேர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பெண்ணும் ஆணும். அம்மாவுக்குச் சொன்னேன். "இது முன்னாடியே தெரியாதா இவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்துதான் இருந்தது. 1905-லேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவுப் புழு வண்டுகளின் விந்தணுவில் இதைக் கண்டுபிடித்துவிட்டார். உங்கள் மகளுக்கு வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பழைய வாத்தியார்

மகளே, உன் அம்மாவின் கேள்வி என்னையும் உலுக்கிவிட்டது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கருத்து இருக்கிறது. ஆண் விதை, பெண் நிலம் என்பது. அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் தடுமாறியது. லீவன்ஹுக் 1677-ல் நுண்ணோக்கியில் விந்தணுவைப் பார்த்துவிட்டார். அதற்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று சிலர் படம்கூட வரைந்தார்கள். பாலூட்டியின் கருமுட்டையை முதன்முதலில் கண்ணால் கண்டது 1827-ல், கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர், ஒரு நாயின் சினைப்பையில். இடையில் 150 வருடம். இத்தனைக்கும் கருமுட்டை விந்தணுவை விட மிகப் பெரியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூர்ந்த கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். 1876-ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்று சேர்வதைக் காட்டினார். இரண்டு பேரும் விதை என்பது அன்றைக்கு உறுதியானது. சொல்லப்போனால் செல்லின் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நமக்குத் தாயிடமிருந்துதான் வருகிறது.

எல்லா உயிருக்கும் இந்த எக்ஸ், ஒய் கணக்கு கிடையாது. கடல் ஆமை முட்டைகள் புதைந்திருக்கும் மணலில் சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண். தேனீக்களில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள். என் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் இவ்வளவும் வேண்டுமா? எனக்கும் அதே வயதில் மகன் இருக்கிறான். அறியாத வயதில் சொல்லி மனதைக் குழப்பிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

இரவுப்பணி

உங்கள் பயம் புரிகிறது அண்ணா. ஆனால் சொல்லாமல் விட்டதன் விளைவை நான் நேரில் பார்க்கிறேன். முதல் மாதவிடாய் வந்ததும் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது, சாகப்போகிறோம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் துணியை ஒளித்துவைத்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் வழக்கமாக முப்பது நாற்பது மில்லிலிட்டர்தான், இரண்டு மூன்று மேசைக்கரண்டி. கருவுக்காகத் தயாரான கருப்பையின் உட்சுவர், கரு வராததால் உதிர்கிறது, காயம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டு வாக்கியத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் அவள் அப்படி நடுங்கியிருக்க வேண்டாம். மாதவிடாய் ஒன்பது பத்து வயதிலேயே தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. பன்னிரண்டு சீக்கிரம் இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா

சரி, இதை நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. பையனுக்கு என்ன சொல்வது? என் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

பழைய வாத்தியார்

தம்பி, பையன்களும் இதே அளவுக்குப் பயப்படுகிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசாமல், நடக்கும்போது பக்கத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். இருவருக்கும் சுலபம்.

குரல் உடைவது, முகப்பரு, உயரம் எல்லாம் ஹார்மோனால் என்று தொடங்குங்கள். விந்தகம் ஏன் வயிற்றுக்கு வெளியே பையில் இருக்கிறது என்று கேளுங்கள். உடல் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். வெயில் நேரத்தில் பை தளரும், குளிரில் சுருங்கி உடம்போடு ஒட்டும். அவனே கவனித்திருப்பான், காரணம் தெரிந்திருக்காது. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, உற்பத்தி நிற்பதே இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, நோயில்லை, பலம் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பயம் காட்டிப் பணம் பார்க்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அப்பா வாயால் உண்மை கேட்ட பையன் அவர்களிடம் போக மாட்டான்.

பெண் உடம்பின் கணக்கு வேறு விதம். ஒரு பெண்ணின் முட்டை செல்கள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாவது மாதக் கருவில் அறுபது எழுபது லட்சம். பிறக்கும்போது பத்து இருபது லட்சம். பருவம் அடையும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருவது நானூறு சொச்சம்தான். இதைப் பையனுக்கும் சொல்லுங்கள். தன் அக்கா தங்கையின் உடம்பும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைத்துளி

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. கதிரை உரித்து இழையைப் பிடித்துப் பார்த்தோம். மூன்று பொக்கை இருந்தது, மூன்றையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டாள். மாதவிடாய் பற்றி நான் பேசத் தொடங்கியதும் "இதைச் சொல்லத்தான் இத்தனை நாளா மூஞ்சிய அப்படி வச்சிருந்தியா?" என்று கேட்டாள். கூச்சம் அவளிடம் இல்லை, என்னிடம்தான் இருந்திருக்கிறது.

அட்டவணையைப் புதிதாகப் போடுகிறாள். வலது பக்கத் தலைப்பை மாற்றிவிட்டாள். இப்போது "இது வேறு எதற்கெல்லாம் வேலை செய்கிறது?" என்று இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் வந்து மறுபடி நின்றுவிட்டாள். கேள்வி இதுதான்: வெளியிலிருந்து வந்த எதையும் உடம்பு தாக்கும் என்றால், குழந்தையில் பாதி அப்பாவுடையதுதானே, அதை ஏன் அம்மாவின் உடம்பு தாக்குவதில்லை?

பழைய வாத்தியார்

அம்மா, இதே கேள்வியைப் பீட்டர் மெடவர் 1953-ல் எழுப்பினார். வேறொருவரிடமிருந்து எடுத்து ஒட்டிய திசுவை உடம்பு ஏன் நிராகரிக்கிறது என்று ஆராய்ந்தவர், 1960-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் மனதில் வந்த கேள்வி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்திருக்கிறது.

பதிலின் பெரும்பகுதி அந்த நஞ்சுக்கொடியில்தான். தாயின் திசுவைத் தொடும் அதன் செல்கள், "நான் அந்நியன்" என்று காட்டும் வழக்கமான அடையாளங்களில் பெரும்பாலானவற்றை வெளியே காட்டுவதில்லை. அதற்குப் பதிலாக எதிர்ப்புச் செல்களை அமைதிப்படுத்தும் ஒரு புரதத்தைக் காட்டுகின்றன. தாயின் பக்கத்திலும் தாக்குதலை அடக்கிவைக்கும் செல்கள் கூடுகின்றன. முழுக்க முடிந்துபோன கதை இல்லை, இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. நஞ்சுக்கொடியின் வெளிப்படலம், செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த ஒரே விரிப்பு. அப்படி உருகச் செய்யும் புரதத்தின் மரபணு, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன் நம் மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரஸிடமிருந்து வந்தது. நோயாக வந்தது தாய்மைக்குள் தங்கிவிட்டது. சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

இதையும் சேர்த்துக்கொள்ளட்டும். ரத்தம் கலப்பதில்லை என்று சொன்னேன், உண்மைதான், ஆனால் சவ்வைத் தாண்டிக் குழந்தையின் செல்கள் சில தாயின் உடம்புக்குள் போய்விடுகின்றன. பிள்ளை பெற்று 27 வருடம் ஆன தாயின் ரத்தத்தில்கூட ஆண் பிள்ளையின் செல்களைக் கண்டிருக்கிறார்கள். கடைசி மகள், உங்கள் அம்மாவிடமும் நீங்கள் நான்கு பேரும் இருந்திருக்கலாம்.

கடைசி மகள்

நன்றி அக்கா. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பத்தாவது பையன்

அக்கா, அட்டவணை முடிந்ததும் படம் எடுத்து இங்கே போடுங்களேன். எங்கள் வகுப்பிலும் இந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டார்கள். நான் காட்டுகிறேன்.

மழைத்துளி

போடுகிறேன் தம்பி. இப்போதைக்கு முடியாது. தாள் போதவில்லை என்று இரண்டாவது தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பசை காயட்டும்.